அம்மா வந்தாள், ஆத்தா வயலில் நிற்கிறாள்

1

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த நாவலைச் சுற்றி ஏற்றிவைத்த ஊதுபத்திப் புகை இன்னும் அடங்கவில்லை. இலக்கியக் கூட்டத்தில் யாராவது எழுந்து 'மரபை மீறிய பெண்' என்று ஆரம்பித்தால் போதும், அடுத்த வார்த்தை அலங்காரத்தம்மாள். அதற்கடுத்து 'மோகமுள்' யமுனா. அதற்கடுத்து 'மரப்பசு' அம்மணி. மூன்று பெயரையும் சொல்லி ஒரு பெருமூச்சு. பிறகு காவிரி, வெற்றிலை, காப்பி, சங்கீதம். ஆச்சு, தமிழில் பெண் விடுதலை பேசி முடிச்சாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

நாம் போவதாக இல்லை. சில கேள்விகள் பாக்கி இருக்கின்றன. இந்தப் பெண்கள் மீறியது யாருடைய மரபை? ஒரு தெருவின் மீறலைத் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேருடைய மீறலாக மாற்றிக் காட்டியவர்கள் யார்? அந்த மாற்றத்தால் காணாமல் போனவர்கள் யார்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'அம்மா வந்தாள்' மோசமான நாவல் என்று நிரூபிக்க நான் வரவில்லை. மோசமான நாவலோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இது வலுவான பிரதி. அதனால்தான் அதன் நிழலும் நீளமாக விழுந்திருக்கிறது.

2

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காவிரிக்கரையில் பவானியம்மாள் நடத்தும் வேதபாடசாலை. அங்கே பதினாறு வருஷம் வேதம் படித்து முடிக்கிற அப்பு. பவானியம்மாளின் உறவுப் பெண் இந்து, இளம் வயதிலேயே தாலியறுத்தவள், அப்பு மேல் ஆசை வைத்தவள். சென்னையில் அப்புவின் குடும்பம். அப்பா தண்டபாணிக்கு வேதாந்தமும் சோதிடமும் அத்துப்படி. அம்மா அலங்காரம். அவளுக்கு வசதிக்காரரான சிவசுவோடு உறவு. கடைசிக் குழந்தைகளுக்குத் தகப்பன் சிவசு. தண்டபாணிக்கு எல்லாம் தெரியும், பேசமாட்டார். அந்த உறவின் பாவத்தைக் கரைக்கத்தான் அப்புவை வேதம் படிக்க அனுப்பியிருக்கிறாள் அம்மா. அப்பு கண்டுபிடிக்கிறான். பாடசாலைக்கே, இந்துவிடமே திரும்புகிறான். அலங்காரம் காசிக்குப் போகிறாள்.

இதை அம்பேத்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள் தோழர்களே. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைப் படிக்கும்போது அவருக்கு வயசு இருபத்தஞ்சு. சாதி என்பது அகமணம். அகமணம் நிலைக்கணும்னா கல்யாண வயதுள்ள ஆணும் பெண்ணும் அந்த வட்டத்துக்குள் சம எண்ணிக்கையில் இருக்கணும். புருஷன் செத்தால் பெண் 'உபரி' ஆகிறாள். உபரிப் பெண் வட்டத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது. அதற்கு வழி, புருஷனோடு சேர்த்து எரி. இல்லையா, காலம் முழுக்க விதவையாக வை. உபரி ஆணுக்கோ பால்மணம் மாறாத சிறுமியைக் கட்டிவை. உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், பாலியமணம் மூன்றும் சாதியைக் காக்கிற வேலி என்று காட்டினார்.

இந்து யார்? அம்பேத்கர் சொன்ன அந்த உபரிப் பெண். அவள் எங்கே இருக்கிறாள்? வேதபாடசாலையில். சட்டம் ஓதப்படுகிற இடமும் அந்தச் சட்டத்தின் பிணைக்கைதி இருக்கிற இடமும் ஒரே கூரை! காலையில் கூடத்தில் மந்திரம், கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் இந்து. இதைப் பார்க்கிற கண் ஜானகிராமனுக்கு இருந்தது. பார்ப்பனியம் தன் பெண்களை என்ன செய்தது என்பதை அந்த வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் எழுதிவிட்டார். அந்தத் தைரியத்தை இல்லையென்று சொன்னால் நாம் பொய்யர்கள்.

ஆனால் பார்த்ததை என்ன செய்தார்? கணக்காகப் பேசவேண்டிய இடத்தில் மர்மமாக்கினார். அலங்காரத்தின் அழகு, கம்பீரம், நிற்கிற தோரணை எல்லாம் ஒரு அம்மன் சிலைக்குச் செய்கிற அலங்காரம் மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு அவளுடைய வாயிலிருந்து பதில் வராது. மகன் பார்க்கிறான், கணவன் பார்க்கிறான், ஆசிரியர் பார்க்கிறார், வாசகர் பார்க்கிறார். கலகக்காரி என்று நாம் கொண்டாடுகிற பெண் தன் செயலைப் பாவம் என்றே எண்ணுகிறாள். அதைக் கழுவ வேதம், வேதம் போதாமல் காசி. வேலி தாண்டின கால் மறுபடி வேலிக்குள்ளேயே தீர்த்தம் தேடுகிறது. நாவலின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புக்கு வைத்த தலைப்பே 'அப்புவுடைய அம்மாவின் பாவங்கள்' என்று அர்த்தம் தருவது. அம்மா 'வந்தாள்' என்பது போய், அம்மாவின் 'பாவங்கள்' ஆனது. சும்மா ஆகவில்லை.

3

இப்போது தெருவை விட்டு இறங்கி சேரிக்கு வாருங்கள்.

உழைக்கிற சாதிகளில் 'அறுத்துக்கட்டுதல்' என்று ஒரு வழக்கம் உண்டு. புருஷன் செத்தாலோ, ஒத்துவராமல் போனாலோ பழைய தாலியை அறுத்துவிட்டு இன்னொருத்தனைக் கட்டிக்கொள்வது. பஞ்சாயத்து உட்காரும், தீர்த்துவிடும், வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும், முடிஞ்சது. அதில் மர்மம் கிடையாது. காவிரிக்கரை நிலா கிடையாது. பிள்ளையை வேதம் படிக்க அனுப்பிப் பாவம் கழிக்கிற சடங்கும் கிடையாது. அப்படிக் கட்டிக்கொண்டவள் மறுநாள் காலையில் நடவுக்குப் போயாகணும்.

இந்து நாவல் முழுக்கத் தவித்து, கெஞ்சி, கோபப்பட்டு, கடைசியில் எட்டிப்பிடிக்கிற இடம் இந்த அறுத்துக்கட்டுதல்தான். 1856இல் வெள்ளைக்காரன் விதவை மறுமணச் சட்டம் போட்டான். நூற்றிப்பத்து வருஷம் கழித்து வந்த நாவலில் அது மாபெரும் கலகமாகத் தெரிகிறது என்றால், அக்கிரகாரம் எத்தனை இறுக்கம் என்று புரிகிறது. நல்லது. ஆனால் அதே காரியத்தைச் சேரிப் பெண் செய்தபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'கீழ்சாதிப் புத்தி'. 'அறுத்துக்கட்டற சாதி' என்பது இன்றைக்கும் வசவு. ஒரு தெருவில் செய்தால் நவீனத்துவம், இன்னொரு தெருவில் செய்தால் ஒழுக்கக்கேடு. அழகியல் என்கிறார்களே, அதன் அடிமுதலில் கைவைத்தால் இந்த இரட்டைத் தராசுதான் தட்டுப்படும்.

அந்த 1856 சட்டமும் லேசுப்பட்டது இல்லை. மறுமணம் செய்துகொண்டால் முதல் புருஷன் சொத்தில் விதவைக்கு இருந்த உரிமை போய்விடும் என்று அதிலேயே எழுதினார்கள். ஏற்கெனவே மறுமணம் வழக்கத்தில் இருந்த சாதிப் பெண்கள் மேலும் சில கோர்ட்டுகள் அதைப் பிரயோகித்தன. மேல்சாதிப் பெண்ணைச் சீர்திருத்த வந்த சட்டம் கீழ்சாதிப் பெண்ணின் காணியைப் பிடுங்கியது. சீர்திருத்தத்தின் வரலாற்றிலேயே நம் பெண்கள் இப்படித்தான் அகப்பட்டார்கள். இலக்கியத்தில் மட்டும் வேறு மாதிரி நடக்குமா?

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் பாரத்தில் 'தகப்பனார் / கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பூர்த்தி செய்ய பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, "எதைப் போடறது தம்பி, மொதல்ல கட்டினவன் பேரையா, இப்ப இருக்கறவன் பேரையா?" என்று சத்தமாகக் கேட்கிற அம்மாமார்கள் உண்டு. கூச்சமே இருக்காது அந்தக் குரலில். பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு சிரிப்பு வரும். சிரித்தவரின் மேசை இழுப்பறையில் ஜானகிராமன் நாவல் இருக்கும். அலங்காரத்தைக் காவியம் என்பார். கவுண்டரில் நிற்கிற பெண்ணை, "பார்த்தியா, இதுகளுக்கு என்னப்பா" என்பார். இந்த 'இதுகளுக்கு என்னப்பா'வுக்குப் பதில் சொல்லாமல் எந்த நவீனத்துவத்தையும் நாம் ஒத்துக்கொள்ள முடியாது.

சேரிப் பெண் சொர்க்கத்தில் வாழ்கிறாள் என்று நான் சொன்னதாக யாரும் கிளம்ப வேண்டாம். பாமாவின் 'சங்கதி'யைப் (1994) படித்தவர்களுக்கு அது தெரியும். வயலில் ஆண்டையின் கை, வீட்டில் புருஷனின் கை, ரெண்டுக்கும் நடுவில் அவள். மறுபடி கட்டிக்கொள்ள உரிமை இருந்தது. கூலியைத் தன் கையில் வைத்துக்கொள்ள, அடிவாங்காமல் தூங்க உரிமை இல்லை. இந்த நுட்பம் எல்லாம் சேர்ந்ததுதான் பெண்ணின் விடுதலை. படுக்கையறைக் கதவு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

4

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் சோறு வருகிறது. காவிரிக்கரையில் சோறு என்றால் நெல். நெல் என்றால் சேற்றில் இறங்கிய கால். அந்தக் கால் யாருடையது?

கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. 1940களில் சீனிவாசராவும் தோழர்களும் செங்கொடி பிடித்து நின்ற பிறகுதான் அது அடங்கியது. 1952இல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1966இல் 'அம்மா வந்தாள்'. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களின் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். 1975இல் 'மரப்பசு'.

இந்த வருஷங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். ஒரே ஜில்லா, ஒரே ஆறு, ஒரே காலம். ஒரு கரையில் அம்மணி உலகத்தையே தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள். இன்னொரு கரையில், தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிவைத்த பெண்கள் கரிக்கட்டையாகக் கிடக்கிறார்கள். தொடுதலைப் பற்றி ஒரு நாவல் முழுக்கப் பேசுகிறவளுக்கு தீண்டாமை என்ற சொல் ஒரு பிரச்சினையாக நெஞ்சில் தைக்கவில்லை. வீட்டு வேலை செய்கிற மரகதமும் பச்சையப்பனும் அவளுக்கு தாம்பத்தியம் என்றால் என்ன என்று காட்டுகிற பாடப்புத்தகமாக ஆகிறார்கள். வேலைக்காரர்களின் வாழ்க்கை எஜமானியம்மாவின் ஞானத்துக்கு உதவிற்று. அந்த மட்டுக்கும் அவர்களுக்கு இடம்.

'எழுத்தாளன் தனக்குத் தெரிந்ததைத்தானே எழுதுவான்? எல்லா நாவலிலும் தலித் பாத்திரம் வேண்டும் என்று இடஒதுக்கீடு கேட்பீர்களா?' என்று ஒரு குரல் வரும். அய்யா, கேட்கவில்லை. ஜானகிராமன் சேரியை எழுதாததற்காக நான் அழவில்லை. எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்ற பயமும் எனக்கு உண்டு. என் சண்டை அவரைப் படித்தவர்களோடு. அக்கிரகாரத்து ஜன்னலைக் கழற்றிக்கொண்டு வந்து, 'இதுதான் தமிழ்ப் பெண்ணின் மனம்' என்று நடு ஹாலில் மாட்டிவைத்த விமர்சகர்களோடு.

'யமுனா மராத்தியத் தாய்க்கும் அய்யர் மிராசுதாருக்கும் பிறந்தவள், பாபு அய்யர் வீட்டுப் பிள்ளை, அங்கே சாதி தாண்டுகிறதே' என்றும் கேட்பார்கள். தாண்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். எத்தனை படி தாண்டுகிறது? படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னார். அந்த ஏணியில் மேலிருந்து ஒரு படி இறங்குவதற்கே எழுநூறு பக்கத்துக்குக் குறையாமல் ஏக்கம் தேவைப்பட்டிருக்கிறது. ஏணியே போடாத இடத்தில் இருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

5

செல்வாக்கு என்பது பெரிய விஷயம். பின்னால் வந்த தமிழ் நாவலில் 'மீறல்' என்றால் படுக்கை மீறல் என்று ஒரு சூத்திரம் உறைந்துபோனது. நிலத்தை, கூலியை, கோயிலை, கிணற்றை மீறுகிற பெண் 'பிரச்சாரம்' என்று ஒதுக்கப்பட்டாள். இந்தச் சூத்திரம் எதுவரை போனது என்றால், வெண்மணி வரைக்கும் போனது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' வெண்மணியை எடுத்துக்கொண்டது. 1977இல் சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியது. அதில் நாயுடுவின் ஆண்மைக்குறைவு கதையின் முடிச்சாகிறது. அரைப்படி நெல் கூலி கேட்டதற்காக 44 பேர் எரிந்தார்கள். நவீனத்துவம் அதன் காரணத்தை மிராசுதாரின் வேட்டிக்குள் தேடிப் போனது. ஃபிராய்டு இருக்கும்போது நிலச்சுவான்தார் எதற்கு?

செல்வாக்கின் இன்னொரு முகம். ஆண் எழுதுகிற வரைக்கும் பெண்ணுடல் காவியமாக இருந்தது. குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தது. அவரும் சல்மாவும் மாலதி மைத்ரியும் சுகிர்தராணியும் தங்கள் உடலைத் தாங்களே எழுதியபோது, அலங்காரத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய இதே தமிழ்ச் சூழலில் 'ஆபாசம்' என்று கூச்சல் கிளம்பியது. மிரட்டல் வந்தது. பார்க்கப்படுகிற பெண் எத்தனை மீறினாலும் பொறுத்துக்கொள்வார்கள். பார்க்கிற பெண், பேசுகிற பெண் வந்தால் பொறுக்காது.

2021 ஜானகிராமனுக்கு நூற்றாண்டு. கட்டுரைகள், கருத்தரங்குகள், தொகுப்புகள், பழைய பெருமூச்சு எல்லாம் திரும்ப வந்தது. அதே 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் இங்கிலீஷ் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் தூக்கியது. மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி'யையும் தூக்கியது. இதற்கு ஜானகிராமன் பொறுப்பில்லை, செத்தே 1982இல் ஆயிற்று. ஆனால் எந்த மீறல் பரிசு வாங்கும், எந்த மீறல் வெளியே தள்ளப்படும் என்று கண்ணுக்கு நேராக ஒரே வருஷத்தில் தெரிந்துபோனது.

6

வேறு பரம்பரை இருக்கிறதா என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்கு: இருக்கிறது. ஜானகிராமனின் அதே தஞ்சை ஜில்லாவில், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இலேயே 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதினார். தாசி முறையை அதன் உள்ளே இருந்து தெரிந்தவர். அந்தப் பெண்களைப் பார்த்து யாரும் பெருமூச்சு விட முடியாது. அவர்கள் மிட்டா மிராசுகளின் கணக்கைத் தோலுரிக்கிறார்கள், மாநாடு போடுகிறார்கள், சட்டம் கேட்கிறார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்த இயக்கப் பெண்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. ஆனாலும் 'நவீன தமிழ் நாவல்' என்று பட்டியல் போடுகிறவர்கள் அந்த நாவலை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால் கலையமைதி இல்லையாம். தப்பித்து ஓடிவருகிறவளிடம் அமைதி எங்கிருந்து வரும்?

பிறகு சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989), 'ஆனந்தாயி' (1992), பாமாவின் 'கருக்கு' (1992). சிவகாமியின் முதல் நாவல் தலித் தலைவன் ஒருவனை அவன் வீட்டுப் பெண்களின் கண்ணால் பார்த்தது. அப்போது நம் பக்கத்திலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. 'வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா' என்றார்கள். தண்டபாணி வாயை மூடிக்கொண்டதற்கும் இந்த முகச்சுளிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று இயக்கத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அம்பேத்கர் அதே 1916 கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார்: மேலே இருக்கிறவனின் வழக்கம் கீழே இருக்கிறவனுக்கு நோய் மாதிரி தொற்றுகிறது, கீழ்சாதிகள் பார்த்துப் பார்த்துக் காப்பியடிக்கின்றன. நம் குடும்பங்களில் நாலு பேர் படித்து உத்தியோகம் பார்த்து கல் வீடு கட்டியதும் முதலில் நிறுத்துவது எதை? அறுத்துக்கட்டுவதை. பாட்டி ரெண்டாம் தாலி கட்டிக்கொண்டதைப் பேத்தியின் கல்யாணப் பேச்சில் மறைக்கிறோம். 'நாங்க அந்த மாதிரி இல்லீங்க' என்கிறோம். நமக்கென்று இருந்த கொஞ்சநஞ்ச ஜனநாயகத்தை அசிங்கம் என்று புதைத்துவிட்டு, அவர்கள் தூக்கிப்போட்ட கற்பைப் பொறுக்கிக்கொள்கிறோம். அலங்காரமும் இந்துவும் மூச்சுமுட்டி வெளியேறத் துடித்த அதே வீட்டுக்குள் குடிபோக நாம் வரிசையில் நிற்கிறோம். 'அம்மா வந்தாள்' நமக்கு ஏதாவது சொல்கிறது என்றால் இதைத்தான் சொல்கிறது. அந்த வீட்டின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டியிருக்கிறது. பார்த்துவிட்டும் போகிறவனை என்ன சொல்ல?

7

கடைசியாக, மீறல் என்ற சொல்லின் விலையைப் பேசுவோம்.

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிந்தன. திவ்யா என்ற வன்னியப் பெண் இளவரசன் என்ற தலித் பையனைக் கல்யாணம் செய்ததற்கு விலை அது. 2013 ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். உயிர் தப்பிய கவுசல்யா தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் அப்பாவை விடுதலை செ்து, அய்ந்து பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல் கவுசல்யா மறுமணம் செய்துகொண்டபோது இந்தத் தமிழ்ச் சமூகம் எப்படி ஏசியது என்று நமக்கு நினைவிருக்கிறது.

சாதியின் வேலி எங்கே உண்மையில் மின்சாரம் பாய்ச்சி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்தப் பெண்கள்தான் தொட்டுக் காட்டினார்கள். அலங்காரம் மீறியபோது ஒரு வீட்டில் மௌனம் வந்தது. இவர்கள் மீறியபோது சேரி எரிந்தது, ஒரு தலித் பிள்ளை செத்தான். ரெண்டும் மீறல்தான். ஆனால் ஒரு மீறல் சாதியின் வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிகிறது. இன்னொன்று அதன் கழுத்தில் கைவைக்கிறது. முதல் மீறலுக்கு நூற்றாண்டு விழா எடுக்கிற இலக்கியம் ரெண்டாவதைக் குற்றச்செய்திப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது.

'அம்மா வந்தாள்' படியுங்கள். நூலகத்தில் எடுத்து, ரெண்டு தடவை படியுங்கள். பாடசாலையில் சாப்பாட்டு மணி அடிக்கிற பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, அந்த அரிசி எந்த வயலிலிருந்து வந்தது, அதை நட்டவள் பேர் என்ன, அவள் எத்தனை பேரைக் கட்டினாள், யாரை விட்டாள், ஏன் விட்டாள், கூலிக்கு எதிர்த்து நின்றாளா, அடிபட்டாளா என்று கேளுங்கள். நாவல் பதில் சொல்லாது. உங்கள் பாட்டி சொல்லுவாள். அவள் உயிரோடு இருக்கிறபோதே போய்க் கேட்டு எழுதுங்கள்.